சாமிக்கு முதுகு காட்டிய இயந்திரம்

2004 அக்டோபர். ஆயுத பூஜை முடிந்த வாரம். காலை ஏழரை மணிக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன்; ஒரகடத்துக்கு டிக்கெட் ஏழு ரூபாய். படப்பை வரை ஏரியும் வயலும். அதைத் தாண்டினால் கம்பி வேலிகளும் புதுத் தகரக் கூரைகளும். பக்கத்து இருக்கையில் சீருடை அணிந்த விருதுநகர்ப் பையன். "ரூம்ல ஆறு பேருண்ணே. ஷிப்ட் மாத்தி மாத்திப் படுத்துக்கிடுவோம்" என்று சிரித்தான்.

என் மச்சான் தங்கவேல் அங்கே சின்னதாக ஒரு தொழிற்சாலை வைத்திருக்கிறான். பம்புக்குள் சுழலும் உலோக இறக்கைகளைக் கடைந்து தருவது தொழில். அதற்காக ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த இயந்திரத்தைப் பார்க்கத்தான் போனேன். போன நேரம், அது பேச்சு மூச்சற்று நின்றது.

"இதே மிஷின்ல ஏவுகணைக்கும் பாகம் கடையலாம் மச்சான். பொக்ரான்ல அணுகுண்டு வெடிச்சதுக்கு அப்புறம் நமக்குன்னா அவங்க அரசாங்கம் ரொம்ப யோசிக்குது. வச்ச இடத்தை விட்டு நகர்ந்தா தானா பூட்டிக்கும். மிஷின் செஞ்ச கம்பெனி ஆள் வந்துதான் திறக்கணும்" என்றான். திங்கட்கிழமைக்குள் அவனுடைய முதல் பெரிய ஆர்டர் போயாக வேண்டும். தவறினால் வேறு ஆளிடம் போய்விடும்.

நகர்த்தியவர் சூப்பர்வைசர் ஏழுமலை, உள்ளூர்க்காரர். முகம் வாடி நின்றார்.

"மிஷினு சாமி படத்துக்கு முதுகு காட்டிக்கினு இருந்துச்சி சார். பூஜையன்னிக்கு மனசு கேக்கல. பசங்கள வெச்சி திருப்பிட்டேன். நகத்தக் கூடாதுன்னு மொதலாளி சொன்னாருதான். கம்பெனிய வுட்டு வெளிய எடுத்துக்கினு போனாதான் பூட்டும்னு நெனச்சேன். ஆர்டர் போச்சின்னா நான் வேலைய வுட்டுர்றேன் சார்."

பதினோரு மணிக்கு வெளிநாட்டு இன்ஜினியர் வந்தார். தங்கவேல் காரணத்தை ஆங்கிலத்தில் விளக்கினான். மனிதர் சிரிக்கவில்லை. கடைந்து வைத்திருந்த இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். கொல்லைப்புறம் போய், ஏவுகணைப் பாகம் ஏதும் கடைந்தோமா என்று தேடுவது போலக் கழிவு இரும்பைக்கூடக் கிளறினார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, இவ்வளவு அக்கறையா என்று மரியாதையும் வந்தது. கடைசியில், பழைய இடத்திலேயே வைத்தால்தான் திறப்பேன் என்றார்.

அடுத்து நடந்ததைப் பார்க்கவே அந்தப் பயணம் தகும். இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, ஏழுமலையின் கண் ஜாடைக்கு எட்டுப் பேர் மூச்சுப் பிடித்து, யானை போன்ற அந்த உருப்படியை ஒரு கீறல் இல்லாமல் திருப்பி வைத்தார்கள். இன்ஜினியர் கைதட்டியே விட்டார். பிறகு ஏதோ எண்களை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் அவரே தன் டிவிஎஸ்ஸில் என்னைப் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டு வந்தார்.

"நம்ப மேல நம்பிக்க இல்லியா சார் அவங்களுக்கு?"

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா அங்கே தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்தார். "எங்க ஊர்ல குச்சி மருந்து வாங்க நம்ம அரசாங்கமே லைசென்ஸ் கேக்கும் ஏழுமலை. அந்தக் குடோன் சாவிய எங்கப்பா எங்கிட்டகூடத் தரமாட்டார். நான் திருடனா? அந்த மருந்துல தீக்குச்சியும் செய்யலாம், வெடிகுண்டும் செய்யலாம். அந்தப் பயம்தான்" என்றேன். பாதுகாப்பு என்று சொல்லி, வளர்கிற நாட்டை அமுக்கி வைக்கிற அரசுகளும் உண்டு. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

 தாம்பரம் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"அப்ப மிஷினு திரும்பாது, அப்டித்தானே?"

"திரும்பாது."

"நீங்க டீ குடிச்சிக்கினு இருக்கறப்பவே சாமி படத்தக் கழட்டி எதிர் செவுத்துல மாட்டிட்டேன் சார். அவரு எங்க போனாலும் ஒருத்தனும் வந்து கேக்கமாட்டான்."