தங்கச்சி ஏன் அந்தப் புள்ளடியைப் போட்டாள்

ஞாயிற்றுக்கிழமை இங்கே கெபெக்கில் எங்களுக்குக் காலை ஒன்பது மணியாகும்போது மன்னாரில் இருட்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் தங்கச்சியைக் கூப்பிடுவோம். தமிழ்ச் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்ரென்சனில், அண்ணை வீட்டுக் குசினி மேசையில் போனைச் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்துவிட்டு அண்ணை, அத்தான், நான் மூன்று பேரும் சுற்றி இருப்போம். அண்ணி தேத்தண்ணி ஊற்றித் தருவார். கதைத்து முடிந்ததும் எல்லோருமாகத் தேவாலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவோம்.

அத்தான் ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்து மெட்ரோவில் வருவார். வரும் வழியில் பேக்கரியில் சூடான பாண் வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வருவார். அவர் என் அக்காவின் புருசன். அக்கா புற்றுநோயில் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. அவரை எங்களோடு சேர்த்து வைத்திருந்தது அந்த ஞாயிற்றுக் காலைதான். அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை.

எனக்கும் அதுதான் இருந்தது. நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஓ.எல். சோதனை வரை படித்தேன், அதோடு சரி. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. கலியாணம் கட்டவில்லை. கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடி நின்றால் நான் சுவர் ஓரமாகப் போய்க் கதிரை அடுக்குவேன். அண்ணையின் மேசையில் மட்டும் வாய் திறக்காமலே ஓர் ஆளாக இருக்க முடிந்தது. தங்கச்சி திரைக்குள் இருந்து, "சின்னண்ணை மெலிஞ்சு போனார்" என்று வாராவாரம் சொல்லுவாள். அப்படிச் சொல்ல உலகத்தில் வேறு எவரும் இல்லை.

அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறாள். பருப்பு அடிப்பிடித்த கதை, தலைமை ஆசிரியர் முட்டை எண்ணுகிற கதை என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். சிரிக்காத அண்ணையே சிரிப்பார்.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த ஞாயிறும் அப்படித்தான் இருந்தோம். இங்கே மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. அண்ணை இரவிரவாகத் தொலைபேசியில் முடிவுகள் பார்த்துக் கண் சிவந்து போய் இருந்தார். அவருக்குத் தமிழ்ப் பொது வேட்பாளர்தான். வெல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும். எங்கள் சனம் எல்லாம் ஒரு ஆளுக்குப் போட்டால் உலகம் பார்க்கும் என்பது அவருடைய கணக்கு, இங்கே தமிழ்க் கூட்ட மேடைகளிலும் அதைத்தான் பேசுவார். அத்தான் இளம் வயதில் இடதுசாரிக் கட்சிக்காரர்களோடு திரிந்தவர், இங்கே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த காலத்தில் தொழிற்சங்கத்தில் நின்றவர். அவருக்குத் தெற்கில் இருந்து வந்து வென்ற சிங்கள இடதுசாரியைப் பிடிக்கும்.

அண்ணை சும்மா கேட்பது போலத்தான் கேட்டார், ஆருக்குப் புள்ளடி போட்டனி என்று. தங்கச்சி கொஞ்சம் தயங்கினாள். ஆனால் மறைக்கவில்லை. வென்ற ஆளுக்குத்தான் என்றாள்.

அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போய்ச் சேட்டு மாற்றினார். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சண்டை அடுத்த கிழமைதான் தொடங்கியது. அவள் யாருக்குப் போட்டாள் என்பதில் சண்டை இல்லை. ஏன் போட்டாள் என்பதுதான் சண்டை.

அண்ணை சொன்னார், சனம் களைத்துப் போயிட்டுது, களைத்த சனத்துக்கு டிக்டாக்கில் பாட்டுப் போட்டு வீடியோ காட்டி மூளையைக் கழுவிப்போட்டாங்கள் என்று. எங்கட பிள்ளைகள் செத்ததை மறக்க வைக்கிறதுதான் திட்டம் என்றார். அத்தான் சொன்னார், நாடு முறிந்தபோது காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற சனம், கள்ளரைத் துரத்தப் போட்டது, வயிற்றுக்கு மொழி கிடையாது என்று. வாராவாரம் இதே கதைதான். தங்கச்சி திரைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பின்னால் அவளுடைய மின்விசிறி சுற்றும். சில நேரம் அவள் ஏதோ சொல்ல வாய் எடுப்பாள், இரண்டு பேரும் கவனிக்க மாட்டார்கள். பருப்புக் கதை இல்லை, முட்டைக் கதை இல்லை.

"மச்சான், நீர் லவாலில இருந்து கொண்டு மன்னார்ச் சனத்தின்ர வயித்தைத் தடவிப் பாக்கிறீர்" என்று அண்ணை ஒருநாள் சொன்னார்.

"உம்மட வேட்பாளர் பார்க் எக்ஸ்ரென்சனில நிண்டிருந்தா வெண்டிருப்பார் மச்சான். அவருக்கு வோட்டெல்லாம் இஞ்சதான் கிடக்கு" என்றார் அத்தான்.

அண்ணிகூடச் சிரித்துவிட்டார். அண்ணை சிரிக்கவில்லை.

நான் அப்போது நினைத்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அண்ணை கெபெக்கில் எத்தனையோ தேர்தல்களில் வாக்குப் போட்டிருக்கிறார். எங்கள் கோயில் திருநாளுக்கு வந்து, கொத்துரொட்டி சாப்பிட்டு, வணக்கம் சொன்ன ஆளுக்குத்தான் போடுவார். அத்தான் லவாலில் பஸ் தரிப்பிடத்தை வீட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்த ஆளுக்குப் போடுவார். இவர்கள் ஏன் போட்டார்கள் என்று இந்த நாட்டில் ஒருவரும் இவர்களைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர் யாராவது மேசையில் இருந்து, இவர்களுக்கு முன்னாலேயே இவர்களுடைய வாக்குக்கு விளக்கம் சொன்னால் எப்படி இருந்திருக்கும்? இதை நான் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன். அது எனக்குப் பழக்கம்.

மரங்கள் எல்லாம் மொட்டையாகிக் குளிர் வந்த பிறகு ஒரு ஞாயிறு. அன்று அத்தான்தான் சொன்னார், இவ்வளவு நாளும் நாங்கள் கத்துறம், அவளே சொல்லட்டும் என்று. அண்ணையும் உடனே ஒத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் அவள் தங்கள் பக்கம்தான் சொல்லுவாள் என்று நிச்சயம். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சொல்லிவிட்டால் முடிந்துவிடும், பழையபடி பாணும் பருப்புக் கதையும் வரும் என்று நினைத்தேன்.

தங்கச்சி எழும்பி மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து இருந்தாள். பிறகு வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தாள்.

"பெரியண்ணை, எனக்கு வாக்கு வந்த நாளிலயிருந்து ஜனாதிபதித் தேர்தலில நான் போட்ட ஒருத்தரும் வெல்லேல்ல. நீங்கள் போன் பண்ணிச் சொன்ன ஆளுக்கும் போட்டனான், சாமியார் சொன்ன ஆளுக்கும் போட்டனான். போடாதேங்கோ எண்ட முறை போடாமலும் விட்டனான். ஒருக்காத்தான் எங்கட சனம் போட்ட ஆள் வெண்டது. அந்த முறை நான் பிள்ளைப்பெத்து ஆஸ்பத்திரியில கிடந்தனான். இந்த முறை எல்லாரும் இவர்தான் வெல்லுவார் எண்டு கதைச்சினம். வெல்லுற ஆளுக்கு ஒருக்காப் போட்டுப் பாப்பம் எண்டு போட்டனான். அடுத்த நாள் ரேடியோவில சொல்லேக்க ஒரு சந்தோசம். அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. எங்கள் வீட்டில் எல்லோரும் தோற்றுத்தான் வந்தோம், இங்கே வந்த நாங்களும்தான். ஒரு தரமாவது வென்ற பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்ட மனுசியை யார் குறை சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

அண்ணை திரையைப் பார்த்தபடியே இருந்தார். "இதுக்கோ போட்டனி?" என்று கேட்டார். அவர் குரல் இறங்கிவிட்டது. கத்தியிருந்தால் பரவாயில்லை. இத்தனை பேர் செத்ததெல்லாம் உனக்குக் குதிரைப் பந்தயமாகப் போச்சுதோ என்றார். இதை யாரோ சொல்லித் தந்திருக்கினம், உன்ர புருசன்தான் சொல்லித் தந்திருப்பான் என்றார்.

அத்தான் தங்கச்சிக்காகக் கதைப்பார் என்று நினைத்தேன். அவர் முன்னுக்குக் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார், அது அவள் வெளியில் சொல்லுகிற காரணம், உள்ளுக்குள் இருக்கிற காரணம் அவளுக்கே தெரியாது, பசிதான் அவளைப் போட வைத்தது என்று. நீ யோசிச்சுப் பார் பிள்ளை என்றார்.

"அப்ப நீங்களே சொல்லுங்கோ அத்தான், நான் ஏன் போட்டனான் எண்டு" என்றாள் தங்கச்சி.

கோபம் இல்லை அந்தக் குரலில். உண்மையாகவே கேட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. அவர்கள் இரண்டு பேரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து. அவள் போனை வைக்கவில்லை. மடியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணி பூசைக்கு நேரமாகுது என்று இரண்டு தரம் சொன்னார்.

கடைசியில் அத்தான் ஒரு வார்த்தை சொன்னார். அங்கே கஞ்சிக்கு நிற்கிற சனத்தின் பெயரில் நீர் இங்கே மேடையில் மாலை வாங்குகிறீர் என்று. அண்ணை எழும்பினார்.

"என்ர தங்கச்சி செத்ததோட உமக்கும் இந்த வீட்டுக்கும் முடிஞ்சுது. நான்தான் பாவம் பாத்து வர விட்டனான்."

அவர் சொன்ன தங்கச்சி என் அக்கா. அக்காவின் படம் அந்தக் குசினிச் சுவரில்தான் இருக்கிறது. அத்தான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. கோட்டைப் போட்டார், சப்பாத்தைப் போட்டார். குனிந்து கயிறு கட்ட அவருக்கு வெகு நேரம் பிடித்தது. நான் எழும்பிக் கதவடிக்குப் போனேன். ஏதாவது சொல்லுவேன் என்று அவர் ஒரு கணம் நின்றார். பிறகு படியில் இறங்கிப் போய்விட்டார். மேசைக்குத் திரும்பி வந்தபோது போன் திரை கறுத்திருந்தது. அவள் எப்போது வைத்தாள், எதுவரை கேட்டாள் என்று தெரியாது.

அதற்குப் பிறகு அத்தான் பூசைக்கும் வருவதில்லை. லவாலிலேயே பிரெஞ்சுப் பூசைக்குப் போகிறார் என்று கேள்வி. பிரெஞ்சு அவருக்கு அரைவாசியும் விளங்காது. நான் ஒருநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். தங்கச்சியோடு தனியாகக் கதைக்கிறேன், அவள் இப்போது ஒத்துக்கொண்டுவிட்டாள், பசிதான் காரணம் என்று அவளே சொன்னாள் என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். அதே கிழமை அண்ணை சொன்னார், தங்கச்சி பிழையை விளங்கிக்கொண்டுவிட்டாள், வீடியோ பார்த்து ஏமாந்து போனேன் என்று அழுதாள் என்று. அவருடைய முகத்திலும் அதே வெளிச்சம்.

இரண்டு பேரும் வென்றுவிட்டார்கள். நான் ஒருவரிடமும் மற்றவர் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளைப் பொய்க்காரி என்பார்கள்.

பிறகு நான் மட்டும் அவளைக் கூப்பிட்டேன். வேலையிடத்தில் இடைவேளை நேரம். சாப்பாட்டு அறையில் ஒருவரும் இல்லை. என்ன சமைத்தாய் என்று கேட்டேன். சோறும் பருப்பும் என்றாள். பள்ளிக்கூடம் எப்படி என்றேன். பிரச்சினை இல்லை என்றாள். தலைமை ஆசிரியர் இப்போதும் முட்டை எண்ணுகிறாரோ என்று கேட்டேன், சிரிப்பாள் என்று. நல்ல மனிதர் என்றாள்.

"ஏன் பிள்ளை இப்பிடிக் கதைக்கிறாய்?"

"எப்பிடிச் சின்னண்ணை?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"நான் ஒரு பக்கமும் இல்லை. நீ அண்டைக்குச் சொன்னதுதான் உண்மையெண்டு எனக்குத் தெரியும்."

"ஓம், ஓம்" என்றாள் உடனே. "நீங்கள் சொல்லுறது சரி."

அந்த ஓம் எனக்குத் தெரிந்த ஓம். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சைக்கிளை மறிப்பான். அவள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, நான் பின்னால் நிற்பேன். அவன் என்ன கேட்டாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, குரலில் ஒரு இனிப்பை வைத்து, ஓம் ஓம் என்பாள். அவன் என்ன கேட்கப் போகிறான் என்பதைவிட, எந்தப் பதிலைக் கேட்க விரும்புகிறான் என்பதைத்தான் பார்ப்பாள். அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனோம். அந்தக் குரலில் அவள் என்னோடு கதைத்தாள்.

நான் மெலிஞ்சு போனேன் என்று அவள் சொல்லவில்லை. கமராவைப் போடவும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னேன். ஓம் என்றாள். அடுத்த ஞாயிறு கூப்பிடட்டா என்றேன். அதற்கும் ஓம் என்றாள். கூப்பிட்டால் போனை எடுப்பாள். கேட்டால் பதில் சொல்லுவாள். உனக்கு என்னில் கோபமோ என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நான் எந்தப் பதிலை விரும்புகிறேன் என்று அவளுக்கு விளங்கியிருக்கும், அதைத்தான் தந்திருப்பாள்.