மாமனார் பூட்டி வைத்த கக்கூஸ்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் கிராமத்திலேயே செப்டிக் டேங்க் வைத்துக் கக்கூஸ் கட்டிய முதல் வீடு என் மாமனாருடையது. அதைச் சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டார்கள். "டவுன்ல வளந்த பொண்ணு, ஏரிக்கரைக்கெல்லாம் போய் அவஸ்தைப்பட வேணாம்" என்று அவரே என் அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அந்த ஒரு வார்த்தையில் மயங்கி, காஞ்சிபுரத்தில் இருந்த என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் மாமனார் அதைத் திறந்துதான் வைத்திருந்தார். புது மருமகள் என்ற மரியாதை. இரண்டு மாதத்தில் தொட்டி ரொம்பிவிட்டது என்று வீட்டையே இரண்டுபடுத்தினார். மறுநாள் கதவில் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கியது. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றுக்குப் போய்விட்டது. அதன் பிறகு யாருக்காவது பேதி கண்டால் திறப்பார். அதுவும் ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரித்துவிட்டு.

திறந்து வைத்திருந்த அந்த இரண்டு மாதமும் தினமும் காலையில் கடப்பாரையால் தொட்டி மூடியை நெம்பி, மூங்கில் கழியை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பார். குதிரில் நெல்லையும் கிணற்றில் தண்ணீரையும் அளந்தே பழகிய கை. நாங்கள் கஞ்சி குடிக்க உட்காரும் நேரம் பார்த்து வந்து, "ரெண்டு வெரக்கடை ஏறிக்கீது" என்று அறிவிப்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த இரண்டு விரற்கடையையும் நான் ஒருத்தியேவா ஏற்றினேன்?

தொட்டி அப்படித்தான் இருக்கும் என்று என் கணவருக்குத் தெரியும். கட்டும்போது பிளாக் ஆபீஸ் ஓவர்சீயர் வந்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். கசடு அடியில் தங்கும், மேலே நிற்கும் தண்ணீர் குழாய் வழியாகப் பக்கத்து உறிஞ்சு குழிக்கு வழிந்துபோகும், சில வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுத்தால் போதும். தொட்டி ரொம்பி நிற்பதுதான் கணக்கு. மாமனாரும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாராம். ஆட்டியதோடு சரி.

"நீங்களே உங்க நைனாகிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்" என்பேன்.

"நான் சொல்லி அவரு எதைக் கேட்டுக்கீறாரு?" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார் கணவர். அப்பாவிடம் வாயைத் திறக்கத் தைரியம் கிடையாது. அந்தப் பேப்பரைக் கிழித்துப் போடலாம் போல இருக்கும்.

பூட்டுப் போட்ட பிறகு, ரொம்பிய தொட்டியைக் காலி செய்ய மாமனார் டவுனிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். அவர்கள் வாளியும் கயிறுமாக உள்ளே இறங்கி, எடுக்கவே தேவையில்லாததை எல்லாம் வாரிச் சுமந்தார்கள். இவர் ஒருவருடைய பிடிவாதத்துக்காக அந்த இரண்டு மனுஷர்கள் இடுப்பளவு நரகலில் நின்றார்கள். சுத்தமாக வழித்துக் கழுவிய தொட்டியில் கசடைத் தின்னும் கிருமிகள் சேர்ந்து மறுபடி பதப்படுவதற்கு நாளாகும், அதுவரை நாறத்தான் செய்யும். நாறியது. "பாத்தியா, ரொம்பறதுக்கு முன்னயே இன்னா நாத்தம்!" என்று மாமனார் பூட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் நான் ஆறு மாதம். நல்ல மழை. ஏரியில் தண்ணீர் ஏறி, பெண்கள் ஒதுங்கும் புதர்ப் பக்கம் முழுக்க முழுகிவிட்டது. மிச்சம் இருந்தது வழுக்குகிற கரை மட்டும்தான். விடியும் முன்பே நானும் மாமியாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போவோம். ஒருநாள் சேற்றில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். மாமியார் முட்டியை ஊன்றித்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் வந்து சொன்னால், "பாத்து நடக்கறதில்ல?" என்றார் மாமனார்.

பொறுமை போய்விட்டது. "மாமா, ஏரி ரொம்பினா தண்ணி கரையில கட்டிவெச்ச கலங்கல் வழியா தானா வழிஞ்சி போவுது இல்ல? தொட்டியும் அப்படித்தான். ரொம்பினாத்தான் வழியும்" என்றேன்.

அவருக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "வருஷா வருஷம் கலங்கலுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டறவன் நான். ஏரித் தண்ணியும் பீத்தண்ணியும் ஒண்ணா? இன்னா பேச்சும்மா பேசறே?" அன்று அவர் சாப்பிடவில்லை. கடைசியில் நான்தான் போய்க் கெஞ்சி இலையில் உட்காரவைக்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் வளைகாப்பு. காஞ்சிபுரத்திலிருந்து என் அம்மா, சித்திகள், அக்காக்கள் என்று பெரிய கூட்டமே பஸ்ஸில் வந்து இறங்கியது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி முடித்தார்கள். பிரசவம் ஆகும்வரை அந்த வளையலில் ஒன்றுகூட உடையக் கூடாது. உடைந்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள்.

சடங்கு முடிந்ததும் அம்மா மெதுவாக என்னிடம் கொல்லைப்புறம் எங்கே என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். சித்திகளும் பின்னாலேயே வந்தார்கள். மாமனார் இதை எதிர்பார்த்து, கக்கூஸ் கதவை அடைத்த மாதிரி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தினி பேர் போனாத் தொட்டி தாங்காது சம்பந்தியம்மா. ஏரிக்கரை தோ, கூப்புடு தூரம்தான்."

தூறிக்கொண்டிருந்தது. அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் அம்மிமேல் இருந்த குழவியை இரண்டு கையாலும் தூக்கினேன்.

"எழுந்திருங்க மாமா. பூட்டை ஒடைக்கப் போறேன். வளையல் ஒடஞ்சா ஒடையட்டும்."

சித்திகள் அலறினார்கள். அம்மா என் கையைப் பிடிக்க ஓடி வந்தாள். மாமனாரின் கண் என் வளையல்கள்மேல் நிலைகுத்தி நின்றது. பயந்துதான் போனார், ஆனால் எழுந்திருக்கவில்லை. "ரொம்பிக்கினு கீதும்மா" என்றார், குரல் இறங்கி.

சத்தம் கேட்டு மாமியார் அடுப்பங்கரையிலிருந்து வந்தார். நாலு பேர் எதிரில் புருஷனுக்கு முன்னால் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை. முதலில் என் கையிலிருந்த குழவியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "எழுந்திருங்க" என்றார். மாமனார் அதிர்ச்சியிலேயே எழுந்துவிட்டார். மாமியார் அவர் இடுப்பில் கையை விட்டு, சாவியை ஒரே இழுப்பில் கயிற்றோடு அறுத்தெடுத்தார்.

"ரொம்பினா ரொம்பட்டும். கரை ஏறி எறங்கி என் முட்டி போயிக்கினு கீது. அது தெரியல உங்களுக்கு, தொட்டி மட்டும் தெரியுது."

பூட்டு திறந்தது. தனக்காகத்தான் திறந்தார் என்று நினைத்து அம்மா ஓர் அடி முன்னால் வைத்தாள். மாமியார் அவளைப் பார்க்கவே இல்லை. கட்டிய நாளிலிருந்து ஒருநாள்கூட அவர் காலடி படாத அந்த இடத்துக்குள் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

பட்டுப்புடவையோடு நாங்கள் அத்தனை பேரும் தூறலில் காத்து நின்றோம். அவர் அவசரப்படவே இல்லை.