இலை மேல் வைத்த கை

என் தம்பிக்குப் பேச்சு வராது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. இப்போது அவனுக்கு நாற்பதை நெருங்குகிறது. வீட்டில் இருந்தவரை சாப்பாட்டு நேரம் வந்தாலே எங்களுக்குப் பயம். போதும் என்று சொல்லத் தெரியாமல் தட்டை வீசுவான். பிறகு சுவரில் தலையை மோதுவான். தடுக்கப் போனால் முடியைப் பிடித்துக்கொள்வான். இண்டூர்ப் பக்கம் இப்படிப்பட்ட பெரியவர்களைத் தங்கவைத்துப் பழக்கம் மாற்றுகிற விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அங்கே அவனுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார்கள். போதும் என்றால் தட்டின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். வைத்தால் பரிமாறுகிறவர் உடனே நகர்ந்துவிடுவார். இதற்கே மாதக்கணக்கில் ஆனது. பயிற்சி தரும் மேடம் எனக்கும் சொன்னார்.

"அவரு கைய வச்சிட்டா அதுக்கு மேல ஒரு பருக்கை வைக்கக் கூடாதுங்க. வச்சீங்கன்னா, கைய வச்சு என்ன பிரயோசனம்னு பழையபடி ஆயிடுவாரு."

விடுதி முழுக்கவே அப்படித்தான். முதல் தடவை தம்பியைப் பார்க்கப் போனபோது, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாங்க என்றேன். சரிங்க என்று போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் உட்காருவோம். அன்று பசியோடு பஸ் ஏறினேன்.

இந்த வருஷம் வெயில் காலத்தில் மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மூணு நாள் வூட்டுல வச்சுப் பாருங்க. நல்லபடியா இருந்தா அடுத்த மாசத்துல இருந்து உங்ககூடவே இருக்கலாம்."

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவனைக் கூட்டிவந்தேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவன் கை வைத்ததும் என் மனைவி சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"எம் புள்ளைங்களுக்குச் சோறு போடறத விட இவருக்குப் போடறது சுலபமா இருக்குதுங்க. கூட்டியாந்துடலாம்" என்றாள்.

மூன்றாம் நாள் என் மச்சான், அதாவது அவள் தம்பி, கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நாங்கள் போகாமல் இருக்க முடியாது. என் தம்பியைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது. பந்தியில் அவனை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வடை, கேசரி எல்லாம் அமைதியாகச் சாப்பிட்டான். சாம்பார் சோறு முடிந்ததும் இலை மேல் கையை வைத்தான். மச்சான் சோற்று வாளியோடு வந்து நின்றான்.

"என்ன சின்ன மாமா, மொத மொதல்ல நம்ம வூட்டுக்கு வந்துட்டு இப்படிக் கைய வச்சு மறைச்சா எப்படி?"

"அவன் கைய வச்சா போதும்னு அர்த்தம். உட்ரு மச்சான்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாமா. நீங்களே வெக்கப்பட்டுக்கிட்டு அரை வயித்தோட எந்திரிக்கற ஆளு. அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன், நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் வேண்டாம் வேண்டாம் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். அதையும் மரியாதைக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டான். தம்பியின் விரல்களை ஒதுக்கி ஒரு கரண்டி சோறு வைத்தான். தம்பி மறுபடியும் கையை வைத்தான். அந்தக் கையின் மேலேயே சூடான ரசத்தை ஊற்றினார் பின்னால் வந்தவர்.

பிறகு நடந்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. தம்பி பிடுங்கி வீசிய வாளி மச்சானின் முகத்தில் பட்டு உதடு கிழிந்தது. தம்பி மேசையில் தலையை மோதினான். "யாரும் புடிக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்று விடுதியில் சொல்லிக்கொடுத்தபடி நான் சொன்னேன். ஐந்தாறு பேர் சேர்ந்து அவனைத் தரையில் அமுக்கினார்கள். புது வீட்டில் ரத்தம் சிந்திவிட்டதே என்று யாரோ ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது.

சாயங்காலம் என் மனைவி அவன் கையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவன் கையை இழுக்காமல் காட்டிக்கொண்டிருந்தான்.

"தப்பு அவன் மேல இல்ல" என்றேன்.

"இல்லதாங்க. கைய வச்சாரே, நானும் பாத்துக்கிட்டுதான இருந்தேன். அங்க கைய வச்சா நிறுத்தறாங்க. இங்க கல்யாணம், காதுகுத்துன்னு எத்தன எலையில நீங்க குறுக்க உழுவீங்க? அவரு அங்கயே இருக்கட்டுங்க."

நான் அவன் துணிகளை எடுத்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் விடுதிக்குக் கூட்டிப்போனேன். மேடம் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். தம்பியின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அவரு சரியாத்தான் பண்ணியிருக்காரு. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் பாக்கலாங்களா?"

"இங்கயே இருக்கட்டுங்க" என்றேன்.

"சரிங்க" என்றார்.

தம்பி தன் பையைத் தூக்கிக்கொண்டு கட்டில்கள் இருக்கும் அறைக்குள் போனான். நான் வெளியே வந்து ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தர்மபுரி பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.