நான்காவது இலக்கம்

பாலிஷ் சக்கரத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அதை என் மனைவியின் தம்பி கையில் கொடுத்தவனை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. சம்பவம் நடந்து ஐந்து வாரம் ஆகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அலுவலகத்தில் எனக்குக் கப்பல் சரக்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை. வீட்டில் பழைய மடக்குக் கத்திகள். ராணுவத்துக்கும் கடற்படைக்கும் செய்யப்பட்டவை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எந்த ஊரில் செய்தது, எந்த ஆண்டு, எந்த ஆணி பிற்பாடு மாற்றப்பட்டது என்று பார்த்துச் சொல்வேன். ஆடும் ஆணியை இறுக்குவேன், இறுகிப்போன ஸ்பிரிங்கை இளக்குவேன். தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அப்படித்தான் ஒரு பாய் வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், ஃபேரர் பார்க்கில் குடியிருப்பவர். நான் மளிகை வாங்கும் கடைக்காரர் அனுப்பியிருந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்த கத்தியை மேசைமேல் வைத்தார். கறுப்புக் கைப்பிடி, ஓர் அலகு, டின் திறக்கும் கொக்கி, கயிறு பிரிக்கும் முள். பிரிட்டிஷ்காரர்கள் படைக்குக் கொடுத்த கத்தி. பார்த்தவுடனே தெரிந்தது.

“இது எங்க அத்தாவோடது, தம்பி. எந்த வருஷத்துக் கத்தின்னு மட்டும் நீங்க சொல்லணும்” என்றார்.

அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், போருக்கு முன்பு பிரிட்டிஷ்காரர்களின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் சாமான் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். 1942 தொடக்கத்தில், ஜப்பான்காரன் நெருங்கிவிட்டான் என்று தளத்தைக் காலி செய்தபோது கிடங்கு அதிகாரி தன் கையால் இந்தக் கத்தியைக் கொடுத்தார் என்பது அத்தா சொன்ன கதை. போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பியதும் அத்தாவுக்கு அதே கிடங்கில் மறுபடி வேலை கிடைத்தது. ஓராண்டுக்குள் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. உட்லண்ட்ஸில் இருக்கும் பாயின் தம்பி, போன பெருநாள் விருந்தில் மருமகன்மார் முன்னால் சொல்லியிருக்கிறார்: “கொடுத்தாங்களாம், கொடுத்தாங்க. கிடங்குல திருடி மாட்டினாரு. அதான் தொரத்துனாங்க.”

“அன்னைலேருந்து எனக்குத் தூக்கமில்ல தம்பி” என்றார் பாய்.

கணக்கு எளிது. இந்த வகைக் கத்திகளில் அலகின் அடியில் செய்தவர் பெயரும், அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும், ஆண்டும் குத்தியிருக்கும். ஆண்டு 1941 அல்லது அதற்கு முந்தியது என்றால் அத்தாவின் கதைக்கு இடமிருக்கிறது. அதற்குப் பிந்தியது என்றால் கதை பொய். வேறு வழியில் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்தச் சில ஆண்டுகளில் கைப்பிடியும் கொக்கியும் முள்ளும் பெரிதாக மாறவில்லை.

துருவுக்கு நடுவே அம்புக்குறி தெரிந்தது. 1, 9, 4 தெரிந்தன. நான்காவது இலக்கத்தின்மேல் மிளகு அளவுக்குத் துரு கட்டியாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். எண்ணெயில் ஊறப்போட்டு, இளகிய பிறகு மூங்கில் குச்சியால் மெதுவாக எடுக்க வேண்டும். “பத்து நாள் கொடுங்க பாய்” என்றேன்.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முத்திரை முழுதாகச் சுத்தமாகும்வரை நான் படம் எடுப்பதில்லை. பாதி தெரியும் எழுத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் மனம் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். 3 என்று நினைத்து ஆரம்பித்தால் 8கூட 3 ஆகிவிடும். அதனால் நோட்டில் “194, நான்காவது துருவுக்கு அடியில்” என்று மட்டும் எழுதிவைத்தேன். இருபது வருடமாக இந்த வழக்கத்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

எட்டாம் நாள் ஆயுத பூஜை.

மச்சானுக்குக் காக்கி புக்கிட்டில் கார் பட்டறை. ஒவ்வொரு வருடமும் பூஜையன்று காலையில் வந்து எங்கள் வீட்டு அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு போவான். பட்டறையில் தேய்த்து, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜையில் வைத்துவிட்டு மாலையில் கொண்டுவந்து தருவான். இங்கே அதற்கு விடுமுறை இல்லாததால் அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். பால்கனி அலமாரியில் எண்ணெய்க் கிண்ணத்தில் கிடந்த கத்தியை என் மனைவிதான் துடைத்து அவனிடம் கொடுத்திருக்கிறாள். இரும்பு ஒன்றையும் விடக்கூடாதாம்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கத்தி சாப்பாட்டு மேசையில் வாழையிலைத் துண்டின்மேல் இருந்தது. அலகில் என் முகம் தெரிந்தது. அலகின் அடியில் சரியாகப் பொட்டு வைத்திருந்தான். சந்தனத்தைத் துடைத்தேன். ஒன்றுமில்லை. பூதக்கண்ணாடியை வைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். அம்புக்குறியின் ஒரு கால், முதல் இலக்கத்தின் நிழல், அவ்வளவுதான்.

நான் கத்தியதில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார்.

“என்ன அத்தான், துருப்புடிச்ச கத்திலா அது. கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கேன். மூணு வாட்டி மெஷின்ல போட்டேன், தெரியுமா?” என்றான் சோபாவில் உட்கார்ந்திருந்த மச்சான்.

“மூணு வாட்டியா!”

“சாமிக்கு வச்ச பொருள முன்னால வச்சிக்கிட்டு இப்படிச் சத்தம் போடாதீங்க” என்றாள் மனைவி.

நான் விஷயத்தைச் சொன்னேன். மச்சான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, “சரி, நாப்பத்தொண்ணுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?” என்றான். நான் முறைத்ததும் அவனுக்கும் சூடேறிவிட்டது. “இருபது வருஷமா லென்ஸ வச்சிப் பாக்குறீங்க. ஒரு போட்டோ எடுக்கல? ஹேண்ட்போன் எதுக்கு இருக்கு, ஆபீஸ் குரூப்ல குட்மார்னிங் போடவா?”

அவன் கேட்டது நியாயம்தான். அதனாலேயே இன்னும் பலமாகக் கத்தினேன்.

மறுநாள் கத்தியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் தவறையும் சொன்னேன். அவர் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“என் தம்பி இதைப் பாத்தா என்ன சொல்லுவான் தெரியுமா? வருஷம் தெரிஞ்சிடும்னு பயந்து நானே தேச்சிட்டேன்னு சொல்லுவான்.”

எனக்கு இது தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்க அழிந்த முத்திரையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரைப் பற்றி அல்ல. கத்தியை ஆராயச் சொல்லியிருப்பதாகத் தம்பியிடம் பாய் ஏற்கெனவே சவால் விட்டிருக்கிறார். “நானே வந்து சொல்றேன் பாய். தேச்சவனையும் கூட்டிட்டு வரேன்” என்றேன். அவர் கத்தியைப் பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினார்.

சனிக்கிழமை மாலை மூவரும் மச்சானின் வேனில் உட்லண்ட்ஸுக்குப் போனோம். நடந்ததைச் சொல், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதே என்று மச்சானிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். பாயின் தம்பி எங்களை உட்காரவைத்து, பால் சேர்க்காத டீயான தே ஓ கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“நல்ல பளபளப்பு. அண்ணன் கெட்டிக்காரரு. ஆள் வச்சுத் தேச்சி, தேச்ச ஆளையே சாட்சிக்கும் கூட்டிட்டு வந்துட்டாரு.”

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். அப்போதுதான் மச்சான் வாயைத் திறந்தான்.

“இல்லீங்க. மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி துணியால தொடச்சேன். அப்ப நான் பாத்தேன். கடைசியில ஒண்ணு இருந்துச்சு. ஒண்ணு, ஒன்பது, நாலு, ஒண்ணு. நல்லாவே தெரிஞ்சுது.”

பாய் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அப்படி மலர்ந்த ஒரு முகத்தை நான் சமீபத்தில் யாரிடமும் பார்த்ததில்லை. தம்பி மச்சானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே விஷயம் தெரிஞ்சவரு. நீங்க சொல்லுங்க. தொடச்சா தெரியுமா?”

எட்டு நாள் எண்ணெயில் ஊறிய துரு துணிக்கு வந்திருக்கவும் கூடும். அதை நான் மறுக்க முடியாது. ஆனால் என் வீட்டு மேசையில் நின்று ‘சொல்லிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது’ என்றவன் இவன். எதையும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சும்மா இருந்தால் போதும், அந்தப் பொய் நின்றுவிடும். தலையைக்கூட ஆட்ட வேண்டியதில்லை.

“இவன் பாக்கல. அந்த இலக்கத்தை யாருமே பாக்கல” என்றேன்.

பாய் எழுந்தார். தம்பியின் கையிலிருந்து கத்தியை வாங்கி மடக்கினார். எண்ணெயில் இளகியிருந்த ஸ்பிரிங் ‘டக்’கென்று மூடியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே நின்று என்னைப் பார்த்தார். கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தவில்லை.

“வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா, அத்தான்” என்றான் மச்சான், பின்னால் வந்து நின்று.

நான் படியில் இறங்கினேன். பதினோரு மாடி. கீழே வருவதற்குள் பாய் போய்விட்டிருந்தார். அதற்குப் பிறகு நான்கு முறை அழைத்துவிட்டேன். எடுக்கவில்லை.