பாங் பா இன் அரண்மனையும் நிரான் அம்மாவின் சாப்பாடும்

2007 மே மாதம், ஒரு சனிக்கிழமை. பாங்காக்கின் ஹுவாலம்போங் நிலையத்தில் காலை எட்டரை மணி வாக்கில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்குப் பன்னிரண்டு பாத். வடக்கே அறுபது கிலோமீட்டரில் பாங் பா இன். என்னுடன் மகள் கயல்விழியும், பாங்காக்கில் அவள் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் தாய்லாந்துப் பையன் நிரானும். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று கயல் போனில் சொல்லியிருந்தாள். காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டிலிருந்து நான் புறப்பட்டபோது, "பொண்ணைக் கையோட அழைச்சிட்டு வந்துடு" என்றார் என் கணவர். பள்ளி திறப்பதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்று ஆசிரியையான நானும் நினைத்திருந்தேன்.

வழியெல்லாம் வயல்களில் தண்ணீர் நின்றது. எங்கள் வாய்க்கால் அப்போது காய்ந்து கிடந்தது.

பத்தரைக்கு அரண்மனை. வெளிநாட்டவருக்கு நூறு பாத். சாவ் பிரயா ஆற்றங்கரையில் மன்னர்கள் கோடைக்கு வந்து தங்கிய இடம். குளத்தின் நடுவே தாய்லாந்து மண்டபம், தள்ளி ஐரோப்பிய மாளிகை, அதற்கும் அப்பால் செக்கச் சிவந்த சீன மாளிகை. புல்வெளியில் செடிகளை யானைகளாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள். மரநிழலில், படகு கவிழ்ந்து இறந்த ஒரு ராணிக்குப் பளிங்கு நினைவுச்சின்னம். அரச குடும்பத்தாரைத் தொடக்கூடாது என்ற சட்டத்துக்குப் பயந்து யாருமே அவளைத் தூக்கவில்லையாம். கயல் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "வெயில் ஏறுது, வா" என்று நடந்தேன்.

கம்பியில் தொங்கும் சிறு பெட்டியில் ஆற்றைக் கடந்தோம். அக்கரைக் கோயில் வெளியே பார்க்க அப்படியே காரைக்கால் மாதா கோயில்தான். கூர்கோபுரம், வண்ணக் கண்ணாடி. உள்ளே பீடத்தில் புத்தர். நிரான் நெற்றி தரையில் பட வணங்கினான். நானும் கைகூப்பினேன்.

மதியம் அவன் அம்மா வீடு. ஆற்றோரம் தூண்கள் மேல் நிற்கும் மரவீடு. கணவர் இல்லை, ஒரே பிள்ளை. முழங்கை நீள ஆற்று இறாலைப் பிளந்து சுட்டு, பூண்டும் மிளகாயும் எலுமிச்சையும் கலந்த சாற்றோடு வைத்தார். பக்கத்தில் சோறும், ஆவி பறக்கும் நூடுல்ஸ் சூப்பும்.

"மாட்டுக்கறி போட்டிருக்காங்களா, கேளு" என்றேன்.

கேட்டுவிட்டுக் கயல் சிரித்தாள். "அவங்க குவான் இம்னு ஒரு சீன அம்மனைக் கும்பிடுறவங்களாம்மா. அவங்களும் தொட மாட்டாங்களாம்."

இறால் தலையிலிருந்த கொழுப்பை அந்தம்மா என் சோற்றில் வழித்துப் போட்டார். நண்டு நெய் போல அப்படியொரு ருசி. நிரான் ஐஸ் வாங்கப் போன நேரத்தில், தணிந்த குரலில் ஏதோ கேட்டார். கயல் மொழிபெயர்க்காமல் தலை குனிந்தாள்.

"என்னடி கேக்குறாங்க?"

"அவரை நம்ம ஊருக்கு அழைச்சிட்டுப் போயிடுவீங்களான்னு கேக்குறாங்க."

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதற்கு வந்தேனோ, அதுவே தன் பிள்ளைக்கும் நேருமோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

"இல்லைன்னு சொல்லு. புள்ள அவங்ககிட்டயேதான் இருப்பான்னு சொல்லு."

"அப்படின்னா நான்?"

"நீயுந்தான். சொல்லு முதல்ல."

கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தம்மா இன்னொரு இறாலை எடுத்து எனக்கு உரிக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, என் கணவர் எனக்குப் பின்னால் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தனியாத்தான் வந்தேன். வாங்க, போவோம்."

வண்டியில் போகும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் கேட்டார்.

"அந்தம்மா அங்க தனியாவா இருக்காங்க?"