நானே சாப்பிடுறேன்ல!

மாத்திரை அட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். எக்ஸ்பயரி தேதி எந்த ஓரத்தில் அச்சாகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, எதிர் ஓரத்தில்தான் கத்தரிக்கோலை வைப்பார். ஆறு கேட்டால் ஆறு, எட்டு கேட்டால் எட்டு. மீதி அட்டைக்குத் தேதி வேண்டுமே, அதனால் தேதி உள்ள துண்டு மட்டும் கடைசிவரை கடையை விட்டுப் போகக்கூடாது. இருபத்தேழு வருடமாக இந்த மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று இதைச் செய்கிறார். "இதுவரைக்கும் வெட்டின அட்டையை எல்லாம் நீளமா ஒட்டினா ஊரையே சுத்தி வந்துடலாம். சுத்தி வந்து திரும்பவும் இங்கதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் அடுத்த சீட்டை வாங்குவார்.

வெட்டி வெட்டிக் கடைசியில் தேதியோடு ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு மாத்திரை மிஞ்சும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். "என்ன சார், மிச்சம் மீதியை எங்க தலையில கட்டுறீங்க?" என்று திருப்பித் தள்ளுவார்கள். சர்க்கரை மாத்திரையில் மிஞ்சும் துண்டுகளை இவரே வீட்டுக்கு எடுத்துக்கொள்வார். பதினாறு வருடமாக இவருக்கும் சர்க்கரை. வீட்டில் இவருடைய மருந்து டப்பாவைத் திறந்தால் மாத்திரையைவிடத் தேதிகள்தான் கண்ணில் படும். "நான் மாசத்தையும் வருஷத்தையும் பார்த்துட்டேதான் முழுங்குறேன்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

மனிதர்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்பதில்லை. அளவு நிற்கும். "காலையில ஒண்ணு சார்" வருவார். "அரை மாத்திரை அக்கா" வருவார். ஊசி போட்டுக்கொள்கிற ஒருவர் வந்தால் வாயைத் திறப்பதற்கு முன்பே குளிர்பெட்டியைத் திறந்துவிடுவார். டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடையின் பின்பக்க அறையில் உட்காரும் டாக்டரே சில நேரம் தாம் எழுதியது என்னவென்று இவரிடம் கேட்டு அனுப்புவதுண்டு.

புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் பயந்த முகத்தோடு கவுண்டர்முன் நிற்கும்போதுதான் அவருடைய அசல் வசனம் வெளியே வரும். மாத்திரையைக் காகித உறையில் போட்டு, காலை, இரவு என்று பேனாவால் கோடு இழுத்துவிட்டு, உறையைக் கையில் கொடுக்காமல் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வார். "எதுக்கு யோசிக்கிறீங்க? நானே சாப்பிடுறேன்ல! பதினாறு வருஷமாச்சு. கல்லு மாதிரி நிக்கிறேனா இல்லையா?" அதைக் கேட்டால் ஆட்களுக்குத் தைரியம் வந்துவிடும். டாக்டரும் நோயாளிகளிடம், "வெளியே கவுண்டர்ல இருக்காரே, அவரைப் பாருங்க" என்று உதாரணம் காட்டுவார். அதில் மனிதருக்கு ஒரு பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தச் செய்தி உள்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்தில்தான் வந்திருந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு பேப்பர் படிப்பது அவர் பழக்கம். குறிப்பிட்ட ஒரு சர்க்கரை மாத்திரையைப் பல வருடங்கள் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வு சொல்வதாகவும், உறுதியாகச் சொல்ல இன்னும் ஆராய வேண்டும் என்றும், யாரும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் போட்டிருந்தார்கள். மாத்திரையின் பெயரைப் படித்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடினார். அவருடைய மாத்திரைதான். "சற்று", "இருக்கலாம்", "இன்னும் ஆராய வேண்டும்" எல்லாவற்றையும் படித்தார். மனதில் ஒரு சொல்தான் தங்கியது. கத்தரிக்கோலை எடுத்து அந்தச் செய்தியை, மேலே இருந்த தேதியோடு சேர்த்து நேராக வெட்டி, சட்டைப்பையில் பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சர்க்கரை அவருக்குப் பழகிப்போன நோய். வீட்டோடு தங்கிவிட்ட சிடுமூஞ்சி மாமனாரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது போல இத்தனை வருடம் தள்ளிவிட்டார். மற்றது அப்படியில்லை. அவருடைய அண்ணன் அந்த நோயில் எட்டு மாதம் கிடந்து போனார். வலிக்கான மருந்தை வாங்கிக்கொண்டு போனவர் இவர்தான். எந்த வாரத்தில் எந்த அளவு கூடியது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். அண்ணன் முகம் மறந்தாலும் அந்த அளவுகள் மறக்காது.

மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவி தினமும் காலையில் தண்ணீர்ச் செம்பின் மூடியில் மாத்திரையை எடுத்து வைப்பாள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து அதைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். நல்ல மருந்தைக் குப்பையில் போட அவருக்குக் கை வராது. கடையில் குளிர்பெட்டிக்குக் கீழே உள்ள இழுப்பறையில் ஒரு டப்பா வைத்து அதில் சேர்த்து வந்தார். இருபது அடி தூரத்தில் டாக்டர் இருக்கிறார், கேட்டிருக்கலாம். கேட்டால் பரிசோதனை எழுதுவார், எழுதினால் ரிசல்ட் வரும். பயம், வேறொன்றும் இல்லை.

மூன்று வாரம் ஆனதும் அடிக்கடி ஒண்ணுக்குப் போக ஆரம்பித்தது. தாகம் அடங்கவில்லை. மதியத்துக்கு மேல் கால் இரண்டும் கெஞ்சின. ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் நிறத்தைக் குனிந்து பார்ப்பார். வந்துவிட்டது, பேப்பரில் போட்டது நமக்கு வந்தேவிட்டது என்று முடிவுகட்டினார். ஊருக்கெல்லாம் அறிகுறி சொல்லி அனுப்புகிறவருக்குத் தன் உடம்பு விஷயத்தில் கண் கட்டிப்போயிருந்தது. "என்னங்க, ராத்திரியில நாலு தடவை எழுந்திருக்கீங்க? சட்டை வேற தொளதொளன்னு ஆயிடுச்சு" என்று மனைவி கேட்டதற்கு, "வயசாகுதுல்ல, உனக்கு என்ன தெரியும்" என்று எரிந்து விழுந்தார். பிறகு பஸ் ஸ்டாப்பில், பஸ் வரும்வரை அவளை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டு நின்றார்.

கடையில் அந்த மாத்திரையைத் தினமும் பத்துப் பேருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. வெட்டினார். வசனம் மட்டும் வரவில்லை. யாராவது சந்தேகம் கேட்டால், "டாக்டரைக் கேட்டுக்குங்க" என்று உறையை நீட்டிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார். இருபத்தேழு வருடத்தில் முதன்முறையாக அவருக்கு இந்த வேலை சலித்தது. கத்தரிக்கோல் கனப்பதாக ஒருநாள் கூடவேலை செய்கிறவரிடம் சொன்னார். அவர் எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

நேற்று முன்தினம் காலை "காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு அம்மா" வந்தார். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடத்துக்கு முன்னால் இவருடைய வசனத்தைக் கேட்டுத்தான் அதே மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தவர். வழக்கமாகச் சீட்டை நீட்டுகிறவர், அன்று பர்ஸிலிருந்து கையால் கிழித்த ஒரு பேப்பர் துண்டை எடுத்துக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார். அதே செய்தி.

"இதைப் படிச்சதுலேர்ந்து நான் நிறுத்திட்டேன் சார். ஒரு மாசம் ஆகுது. இப்ப பாருங்க, அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது, தாகம் வேற. அதுவாத்தான் இருக்குமோன்னு..." அந்த அம்மா பேப்பர் துண்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னம்மா நீங்க! மாத்திரையை நிறுத்தினா சர்க்கரை ஏறத்தானே செய்யும்? ஏறினா அடிக்கடி போகும், நாக்கு வறளும், கால் ஓயும். இதுகூடத் தெரியாமலா..." பழக்கத்தில் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. பாதியில் நின்றுவிட்டது. கால் ஓய்வதைப் பற்றி அந்த அம்மா எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப அது இல்லையா சார்?"

"இருக்கா இல்லையான்னு நான் எப்படிம்மா சொல்றது? நீங்களும் சொல்ல முடியாது, இந்தப் பேப்பரும் சொல்லாது. மாத்தணுமா, டெஸ்ட் எடுக்கணுமா, இதையே சாப்பிடலாமா, எல்லாம் உள்ள இருக்கிறவர்தான் சொல்லணும்."

அந்த அம்மா சமாதானமாகவில்லை. கவுண்டர்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். "அதெல்லாம் சரி சார். நீங்க சாப்பிடுறீங்கல்ல? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க சாப்பிடுறீங்கன்னா நானும் இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்."

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். பதினாறு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல்தான், நாக்கு நுனிவரை வந்தது. அவர் பேனாவுக்குப் பின்னால் விரலைவிட்டு, மடிப்பு நைந்துபோன ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். தேதியோடு நேராக வெட்டிய தமது துண்டை, கிழிந்த துண்டின் பக்கத்தில் கண்ணாடிமேல் வைத்தார்.

அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எத்தனை நாளா?" என்றார்.

"முப்பத்தெட்டு."

கூடவேலை செய்கிறவரைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுத்தார். இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கி வெளியே வந்தார். டாக்டர் அறை வாசலில் இருந்த பெண்ணிடம், "ரெண்டு டோக்கன் குடும்மா. ஒண்ணு இவங்களுக்கு" என்றார். அந்தப் பெண் நீட்டிய இரண்டையும் வாங்கிக்கொண்டார். சுவரோரப் பெஞ்சில் அந்த அம்மா தமது பையை மடிக்கு எடுத்துக்கொண்டு இடம்விட்டார். அவர் உட்கார்ந்து, டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வலிக்கிற கால்களை நீட்டினார்.