பாய்க்கப்பல் மாப்பிள்ளை

எங்கள் அத்தாவை, அதாவது அப்பாவை, காரிமங்கலத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விற்றதும் பாய்தான். சந்தை நாளில் யாராவது கடை வாசலில் நின்றுகொண்டு, "பாய், இந்தப் பாய் என்ன வெல பாய்?" என்று கேட்பார்கள். அதில் எது மனிதர், எது சரக்கு என்று ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. அப்படிக் குழப்பமே வராத சொல்லில்தான் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து பாய்களுக்கு ஓரத்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கை தைக்கும், வாய் கேள்வி கேட்கும். முசிறிப் பக்கத்திலிருந்து கோரைப்பாய் ஏற்றிக்கொண்டு வரும் லாரி டிரைவரைக்கூட விடமாட்டேன். காவிரி அங்கே எவ்வளவு அகலம், மழைக்காலத்தில் கோரை அழுகாதா என்று ஜன்னல் வழியாகவே கேட்பேன். "இந்த வாய்க்கு எவன் வந்து மாட்டப் போறானோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

தரகர் ஒரு சந்தை நாளில் வந்தார். கடையில் நல்ல கூட்டம். இரண்டு பேரத்துக்கு நடுவே அத்தாவின் காதில் விஷயத்தைப் போட்டார். "பையன் மொரப்பூர் பக்கம். அப்பா இல்ல, அம்மா மட்டுந்தான். பாய்க்கப்பல்ல வேல. வருஷா வருஷம் வந்துட்டுப் போவான். தங்கமான பையன்."

பாய்க்கப்பல் என்றதும் அத்தாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பாய்மார்கள் போகிற கப்பல். பாய்மார்கள் கப்பலில் எங்கே போவார்கள்? பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு, ஹஜ்ஜுக்கு. மாப்பிள்ளை ஹாஜிகளுக்குப் பணிவிடை செய்கிறவர் என்று அவர் மனத்தில் அந்த நிமிஷமே எழுதியாகிவிட்டது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷம் வந்தால் அத்தாவுக்குக் கேள்வி வராது, எனக்கு அப்போதுதான் அதிகமாக வரும்.

சாயங்காலத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் சொல்லிவிட்டார். மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்தது. ஒரு முறை ஹஜ் போய் வந்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர் அத்தாவைக் கட்டிப்பிடித்து, "ஒமக்கும் கூப்பாடு வந்துருச்சு பாய்" என்றார். அத்தாவின் கண் கலங்கியதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அவருக்கு அந்த ஆசை எத்தனை வருஷமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். பாய் விற்ற காசில் ஹஜ் போவது நடக்காது என்று அவரே பலமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இப்போது மாப்பிள்ளை வழியாக ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது.

எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். ஹஜ் வருஷத்தில் ஒரு தடவை. மற்ற மாசமெல்லாம் அந்தக் கப்பல் என்ன செய்யும்? அம்மாவிடம் கேட்டேன். "ஒரு வேலையில்லாதவ கேக்கற கேள்வியைப் பாரு" என்று எழுந்து போய்விட்டாள்.

பெண் பார்க்க வந்த அன்று முன் அறைக்கும் உள் அறைக்கும் நடுவே பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் நான், அம்மா, பெரியம்மா, பையனின் அம்மா. அந்தப் பக்கம் அத்தா, அம்மாவின் தம்பியான என் மாமு, தரகர், மாப்பிள்ளைப் பையன். லீவு கொஞ்சந்தான் என்பதால் அவரே நேரில் வந்துவிட்டார். பெட்ஷீட்டின் தையல் பிரிந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். கடலிலேயே இருக்கிறவர், வெயிலில் வெந்து கரிக்கட்டையாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஆள் பல வருஷம் வெயிலே படாதவர்போல வெளுத்திருந்தார். இதென்ன கடல் என்று யோசித்தேன்.

என் மாமு எல்லாம் தெரிந்தவர். பெங்களூருக்கு நாலு தடவை போய் வந்தவர் என்பதால் உலகத்தைப் பற்றி யார் பேசினாலும் நடுவில் புகுந்துவிடுவார். அன்றைக்கும் அவர்தான் ஆரம்பித்தார். "கப்பல்ல ஹாஜிமாருங்க தொழுவ தனி எடம் வுட்டிருப்பாங்க, இல்லீங்களா மாப்ள?"

பையன் கொஞ்சம் விழித்தார். "எந்த ஹாஜிமாருங்க?"

"அதான், ஒங்க கப்பல்ல வர்றவங்க."

"எங்க கப்பல்ல வெள்ளக்காரங்கதாங்க வருவாங்க."

தரகர் தொண்டையைக் கனைத்தார். அத்தா மெதுவாக, "பாய்க்கப்பல்னு சொன்னாரே தம்பி" என்றார்.

"ஆமாங்க. பாய் கட்டின கப்பல். காத்துல போறது."

"நான் அதத்தானுங்க சொன்னேன்!" என்றார் தரகர். தான் உட்கார்ந்திருந்த பாயை உள்ளங்கையால் தட்டினார். "பாய்னா பாயிங்க! மரத்துல ஏத்திக் கட்டுவாங்களே, அந்தப் பாயி!"

"எந்தப் பாய்னு தெளிவாச் சொல்ல வேணாமா?" என்று மாமு எகிறினார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டை வழியாக அத்தாவின் முகத்தைப் பார்த்தேன். காலடியில் கிடந்த எதையோ தேடுகிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஹஸ்ரத், எதிர்வீட்டுப் பெரியவர், தெரு எல்லாம் அவர் மனத்தில் வரிசையாக வந்து நின்றிருக்கும்.

மாமு விடவில்லை. "வெள்ளக்காரங்க அதுல எங்கே போவாங்க?"

"தீவு தீவாப் போவாங்க. மாலத்தீவு, அதுக்கு அந்தாண்ட இன்னும் பேரு தெரியாத தீவெல்லாம் இருக்குதுங்க. காசு இருக்கறவங்க. ஒரு ரூமுக்கு ஒரு குடும்பந்தான். பட்டு மெத்தை, ஐஸ் பொட்டி எல்லாம் இருக்கும்."

"அந்தத் தீவுல என்னா இருக்கு?"

"ஒன்னும் இருக்காதுங்க. ஒன்னுமே இல்லாத தீவாப் பாத்துத்தான் போவச் சொல்வாங்க."

"ஒன்னும் இல்லாத எடத்தப் பாக்கறதுக்கா அவ்ளோ காசு?" மாமுவுக்கு மனசு ஆறவில்லை. "அரூருக்கு அந்தாண்ட எங்க காடு கெடக்குது. வரச் சொல்லுங்க. டவுன் பஸ்ஸே போவுது."

தரகர்கூடச் சிரித்துவிட்டார், அத்தா மட்டும் சிரிக்கவில்லை. கேட்க வேண்டியதைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வெள்ளக்காரங்கன்னா குடிப்பாங்களே தம்பி. நீங்க ஊத்திக் குடுப்பீங்களா?"

"நான் ரொட்டி சுடற ஆளுங்க. அடித்தட்டுல அடுப்பாண்டயே வேல. ஊத்தறதுக்கு வேற ஆளு இருக்கு." யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "ஆனா கிளாஸ் கழுவற ஆளு வராத அன்னைக்கு நான் கழுவியிருக்கேன்."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மாமு ஒரு பொய்யைத் தேடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், அவர் கையில் இவர் உண்மையைக் கொடுத்துவிட்டார். "மச்சான், எழுந்திரிங்க. நம்மள நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றார் மாமு. அத்தா எழுந்திருக்கவில்லை. "வூட்டுக்கு வந்தவங்க. டீ குடிச்சுட்டுக் கெளம்பட்டும்" என்றார். அந்தக் குரலில் சம்பந்தம் முடிந்துபோயிருந்தது. பையனின் அம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் டம்ளர் காலியாகிற வரைக்குந்தான் எனக்கு நேரம். இந்தத் தெருவுக்கு இன்னொரு கப்பல்காரர் எப்போது வரப்போகிறார்? எங்கள் பக்கத்தில் தண்ணீர்மேல் போகிறது என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். நான் அதில்கூட ஏறியதில்லை. பெரியம்மாவின் தோளைச் சுரண்டினேன். "காத்து நின்னுபோச்சுன்னா அந்தக் கப்பல் என்னா பண்ணும்னு கேளுங்க."

பெரியம்மா என்னை முறைத்தாள். பிறகு பெட்ஷீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "பொண்ணு கேக்குது, வருஷத்துல எத்தன மாசம் வூட்டுல இருப்பீங்கன்னு."

"மூணு மாசங்க. மீதி ஒம்போது மாசம் கப்பல்."

நான் கேட்டது அதுவல்ல. "தீவு பாக்க எப்படி இருக்கும்னு கேளுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"பொண்ணு கேக்குது, வயித்துக்கு ஒத்துக்கற மாதிரி சாப்பாடு கெடைக்குமான்னு."

"நானே சுடற ரொட்டிதாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வி என்னுடையது, போய்ச் சேர்வது இவளுடையது. பெட்ஷீட்டுக்கு அருகில் போய் நானே கேட்டேன். "தீவு எப்படி இருக்கும்னு கேட்டேங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். அந்தப் பக்கம் மாமு, "என்னா இது!" என்றார். பையன் சொன்னது மூன்றே வார்த்தைதான். "தெரியாதுங்க. நான் எறங்கமாட்டேன்."

"எறங்கவே மாட்டீங்களா?"

"அவங்க எறங்கற நேரந்தான் எங்களுக்கு வேல அதிகம். திரும்பி வந்தா சுடச்சுட ரொட்டி வேணும். ரவுண்டா ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கு. அதுல தண்ணி தெரியும். சில சமயம் கொஞ்சம் பச்சை தெரியும்."

எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் "தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமுவாக இருந்தால் அந்த ஜன்னலில் தெரிந்த பச்சையை வைத்தே ஒரு மணி நேரம் தீவைச் சுற்றிக் காட்டியிருப்பார். இந்த ஆள் உலகத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டு வந்து, ரவுண்டு கண்ணாடியைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்கிறார். அதுவும் பெண் பார்க்க வந்த இடத்தில். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது.

"ஒரே ஒரு தடவ எறங்கியிருக்கேன்" என்றார் அவராகவே. "தேங்கா வாங்கியாரச் சொன்னாங்க. அந்தத் தீவுல கொஞ்சம் சனங்க இருந்தாங்க. மணலு சுட்டுது, காலுல செருப்பு இல்ல, ஓடுனேன். ஒரு அம்மா வாசல்ல ஒக்காந்து பாய் பின்னிட்டிருந்தாங்க. எங்கம்மாவுக்கு ஒன்னு வாங்கலாம்னு நின்னேன். அதுக்குள்ள போட்டுக்காரன் கூப்டுட்டான்."

அத்தாவின் தலை நிமிர்ந்தது. "பாயா?"

"பாயிதாங்க. படுக்கற பாய்."

"ஓலையா, கோரையா?"

"கோரை மாதிரிதான் இருந்துச்சு. வெள்ளையில கருப்புக் கோடு."

"சாயம் ஏத்தினதா?"

"தெரியாதுங்க."

"நாலாபக்கமும் உப்புத்தண்ணி. அதுல கோரை எப்படி மொளைக்கும்?" அத்தா கேட்டது மாப்பிள்ளையையா, தன்னையேவா என்று சொல்ல முடியாது. காலை மடக்கி நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

"தெரியாதுங்க. அடுத்த தடவ எறங்குனா கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார் பையன். சொன்ன பிறகுதான் யாரிடம் வந்து சொல்வது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு தன் அம்மாவைக் கிளம்பக் கூப்பிடுகிற மாதிரி பெட்ஷீட் பக்கம் பார்த்தார்.

அத்தா எழுந்து உள்ளே வந்தார். பெண்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள். என் எதிரில் நின்று, "ஒம்போது மாசம் இருக்கமாட்டாரும்மா" என்றார். வேறு எதையும் சொல்லவில்லை, ஹஜ்ஜைப் பற்றியோ தெருவைப் பற்றியோ.

"இருக்கற மூணு மாசம் கேட்டதுக்குப் பதில் சொல்வாரு அத்தா. தெரியலன்னா தெரியலன்னு சொல்வாரு."

அத்தா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதுபோலத்தான் இருந்தது, எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் ரொம்பக் கொஞ்சம், அது ஒன்று.

பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு வெளியே போனார். மாமு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் ஹஸ்ரத்துகிட்ட சொல்லிடறேன் மச்சான், தரகரு நம்மள ஏமாத்திட்டாருன்னு" என்றார்.

"வேணாம், கல்யாணத் தேதி கேக்கப் போறப்ப நானே சொல்லிக்கறேன்" என்றார் அத்தா. "நம்மள ஒருத்தரும் ஏமாத்தல. நாந்தான் கேக்காம வுட்டுட்டேன். எம் பொண்ணு கேட்டுருச்சு."